கடவுச்சொல் வாசிப்பு விழா

மலேசியாவில் இருக்கும் கணவனோடு பேச மக்தலேனாவுக்கு ஒரு கோடாலி வீரன் தேவைப்பட்டான்.

அது 2009ஆம் வருஷம். டேனி கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மக்தலேனா ரங்கூனில், பசுந்தாங் பக்கம் ஒரு சுங்கத் தரகர் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டில் போன் கிடையாது. வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் போன் ஆபீஸில் வரிசையில் நின்று, சம்பளத்தில் பாதியைக் கட்டி, "நல்லா இருக்கியா, நானும் நல்லா இருக்கேன்" என்பதற்குள் லைன் போய்விடும். ஈமெயில் ஒரு நாள் திறக்கும், மறுநாள் திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆனால் 'ஏழு கோட்டை' என்ற இன்டர்நெட் கேம் மட்டும் எப்போதும் திறந்தது. அதைக் கண்டுபிடித்தவன் டேனி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு கடையில் உட்கார்ந்து ஆடுவான். அந்த விளையாட்டில் எதிரில் நிற்கிறவரோடு டைப் அடித்துப் பேசலாம். "நீயும் உள்ளே வந்தால் ஞாயிறு தோறும் பேசிக்கொண்டே இருக்கலாம்" என்று ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் சொல்லி அனுப்பினான். வர முடியவில்லை. கூட்டம் அதிகமென்று கம்பெனி புதுக் கணக்குகள் திறப்பதை நிறுத்திவிட்டிருந்தது. வேண்டுமானால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவரிடம் பழைய கணக்கை விலைக்கு வாங்க வேண்டும்.

க்யிம்யிண்டைங் படகுத்துறையருகே டீக்கடையில் சுப்பையா என்பவனிடம் அவள் ஒன்று வாங்கினாள். பெயரும் பாஸ்வேர்டும் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவன் பெரிய மீசையும் கோடாலியும் வைத்த ஒரு வீரன். டேனியோ அங்கே நீளக் கூந்தலோடு வில் பிடித்த பெண்ணாக இருந்தான். அதுதான் மலிவாகக் கிடைத்ததாம். கோட்டை வாசலில் இருவரும் சந்தித்தார்கள்.

"லேனா, நீயா?"

"நான்தான்."

"மீசை நல்லா இருக்கு."

அன்று மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். ஓநாய்கள் வந்து கடித்துக்கொண்டேயிருந்தன. இருவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை.

மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், கேம் கடை வைத்திருந்த நூருன்னிசாதான் விஷயத்தை விளக்கினாள். "கணக்கை முதல்ல எந்த ஈமெயில்ல பதிஞ்சாங்களோ அது இன்னும் அவன்கிட்டதானே இருக்கு? 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்'னு ஒரு வரி எழுதிப் போட்டா, கம்பெனி அவனுக்குப் புதுசு அனுப்பிடும். ஈமெயிலையும் சேர்த்துல்ல வாங்கியிருக்கணும், அக்கா."

"இதுக்கு யாரையும் கேட்க முடியாதா?"

நூருன்னிசா மாடியைக் காட்டினாள். காட்டிய முகத்தில் சந்தோஷம் இல்லை.

மாடியில் 'இணைய விளையாட்டுக் கணக்குக் கைமாற்றுப் பாதுகாப்புச் சபை' இயங்கிவந்தது. பழைய கணக்கு வாங்குகிறவர்கள் ஏமாறாமல் காப்பது அதன் நோக்கம். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், பொன்னாடை போர்த்திய தலைவரின் படம் ஆகியவை அங்கே இருந்தன. செயலாளர் ஷம்சுதீன் சபையின் பெயரை ஒருபோதும் சுருக்கிச் சொல்வதில்லை. அதனால் அவரோடு எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிவதில்லை.

"மா மக்தலேனா, பழைய கணக்கு வாங்க நீங்கள் கொடுத்த மனுவைப் படித்தேன்" என்றார், பர்மிய வழக்கப்படி 'மா' சேர்த்து. "இதற்கு முன் ஒரு மோசடியில் நீங்கள் சம்பந்தப்பட்டிருக்கிறீர்கள்."

"சம்பந்தப்படலைங்க. ஏமாந்துட்டேன்."

"ஒரு மோசடிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏமாற்றுகிறவர், மற்றவர் ஏமாறுகிறவர். இதில் ஏமாறுகிறவர் வராமல் இருந்துவிட்டால் மோசடியே நடக்காது. ஆக, மூலகாரணம் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை."

மக்தலேனா யோசித்தாள். அவர் சொன்னது எங்கோ தவறு என்று தெரிந்தது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"இருந்தாலும் இணைய விளையாட்டுக் கணக்குக் கைமாற்றுப் பாதுகாப்புச் சபை யாரையும் ஒதுக்குவதில்லை. சம்பந்தப்பட்ட இன்னொருவரிடமிருந்து, உங்கள்மேல் அவருக்கு மனக்குறை எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள்."

"என்னை ஏமாத்தினவன்கிட்டயா?"

"உங்கள் நடத்தையைப் பற்றி அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?"

ஆபீஸில் அரைநாள் லீவு போட்டு மக்தலேனா க்யிம்யிண்டைங்குக்குப் பஸ் ஏறினாள். அவன் ஓடிவிடுவான், துரத்த வேண்டும் என்று நினைத்து, தட்டையான செருப்பு போட்டுக்கொண்டாள். சுப்பையா ஓடவில்லை. அதே டீக்கடையில், அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"என் கணக்கைத் திருப்பிக் கொடு."

"அதெல்லாம் தனிப்பட்ட முறையில பண்ணக்கூடாதுக்கா. தப்பாப் போயிடும். அதுக்குத்தான் சபை இருக்கு."

"அந்தச் சபைதான் உன்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுது."

"தெரியும். நான் அங்கே கௌரவ உறுப்பினர்" என்றான் சுப்பையா. "விற்பனையாளர் பிரிவு." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துச் சுறுசுறுப்பாக எழுதினான்: 'திருமதி மக்தலேனா என்னால் நல்ல முறையில் ஏமாற்றப்பட்டார். அப்போது அவர் எனக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. அவர்மேல் எனக்கு மனக்குறை இல்லை.'

எழுத்து முத்து முத்தாக இருந்தது. டைப்பிஸ்ட் என்ற முறையில் அவளால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அழுகை வந்தது. அவன் டீக்காசு கொடுக்க முன்வந்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. தன் டீக்குத் தானே கொடுத்துவிட்டு வந்தாள்.

சபையில் அடுத்த கட்டம் விழிப்புணர்வு வகுப்பு. அதை முடிக்காதவர்கள் கணக்கு வாங்க முடியாது. வகுப்பில் வாங்க வந்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் விற்பனையாளர் பிரிவு. மோசடிகள் எப்படியெல்லாம் நடக்கின்றன என்று செயலாளர் விளக்க விளக்க, அவர்கள் ஆர்வமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கையைத் தூக்கி, அந்த மூன்றாவது முறையை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நடுவில் கரண்ட் போனது. கம்ப்யூட்டரை வைத்துச் செய்வதாக இருந்த பயிற்சியை, கரும்பலகையில் ஒரு கம்ப்யூட்டர் வரைந்து நடத்தினார்கள். அதன் முன்னால் ஒவ்வொருவராக வந்து, படத்திலிருந்த பொத்தான்களைத் தொட வேண்டும். மக்தலேனா ஒரு பொத்தானைத் தவறாகத் தொட்டதாகச் சொல்லி மறுபடி வரச் சொன்னார்கள்.

முடிவில் தலைவர் ஊ தேனப்பன் பேசினார்; 'ஊ' என்பது பெரியவர்களுக்குப் பர்மியர்கள் சேர்க்கும் மரியாதை. கியர்ப் பெட்டி, பேரிங் வியாபாரம் செய்கிறவர். சபைக்கு மைக் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் மைக்கை அவரிடமிருந்து வாங்குவது யாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

"அன்பர்களே! நான் இதுநாள் வரை ஒரு கேம்கூட ஆடியதில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஈமெயில் என்றால் என்ன என்று என் மகள் பிரேமா பலமுறை சொல்லியிருக்கிறாள், நான் கவனித்ததில்லை. அதனால்தான் இந்தத் துறையில் என்னை யாரும் ஏமாற்ற முடியவில்லை! இந்தச் சபையை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வழியாகக் கணக்கு வாங்கிய ஒருவர்கூடத் திரும்பி வந்து புகார் கொடுத்ததில்லை. புகார் கொடுக்கிறவர் முதலில் தன் கணக்குக்குள் நுழைந்து காட்ட வேண்டும் என்ற விதியை வைத்தோம். அன்றிலிருந்து இன்றுவரை அமைதி!"

விற்பனையாளர் பிரிவு எழுந்து நின்று கை தட்டியது.

அடுத்தது கணக்கைப் பார்வையிடும் நாள். கீழே நூருன்னிசாவின் கடையில், கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலிகள் போட்டு வெற்றிலைத்தட்டு வைத்தார்கள். செயலாளர் ஷம்சுதீன் கஞ்சி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஊ தேனப்பன் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். விற்பவர் சார்பில் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்ததும் மக்தலேனா எழுந்துவிட்டாள். சுப்பையா.

திரையில் பாதி மீசை தெரிந்தது. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் மீதி மீசை வரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கோடாலி வந்தது.

"இது என் கணக்கு!" என்றாள் மக்தலேனா.

செயலாளர் முகம் மலர்ந்தார். "அப்படியானால் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்ட கணக்கு. இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம்."

"காசு கொடுத்து வாங்கினேன். இவர் திருப்பி எடுத்துக்கிட்டார். மறுபடி எனக்கே விக்கிறார்!"

"ஒரே ஆளுக்கு இரண்டு முறை விற்கிறார் என்றால் பொருளில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!" என்றார் ஊ தேனப்பன். பிறகு திரையைக் குனிந்து பார்த்தார். "நடக்கச் சொல்லுங்கள்."

வீரன் நடந்தான்.

"உட்காரச் சொல்லுங்கள்."

வீரன் உட்கார்ந்தான்.

"கோடாலி இரும்பா?"

"படம்தான் தலைவரே" என்றாள் கல்லாவிலிருந்து நூருன்னிசா.

"அதைப் பதிவு செய்யுங்கள். கோடாலி இரும்பு அல்ல. வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது."

வேறு கணக்கு கிடைக்குமா என்று மக்தலேனா கேட்டாள். இருக்கிறது, ஆனால் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார்கள். டேனிக்குத் தெரிந்த முகம் இந்த மீசை ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி. இந்தத் தடவை பதிஞ்ச ஈமெயிலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்க. அது அவர்கிட்ட இருந்தா மறுபடி எடுத்துக்குவார்."

சுப்பையா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருவருடைய ஈமெயில் அவருடைய அந்தரங்கம்" என்றார் செயலாளர் தாழ்ந்த குரலில். "இணைய விளையாட்டுக் கணக்குக் கைமாற்றுப் பாதுகாப்புச் சபை இரு தரப்பையும் பாதுகாக்கிறது. நீங்கள் ஒரு குடும்பப் பெண். இப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

கைமாற்று விழா சனிக்கிழமை மாடியில் நடந்தது. அதன் சிறப்பு அம்சம் கடவுச்சொல் வாசிப்பு. கடவுச்சொல் என்ற வார்த்தையைச் செயலாளர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். யாருக்கும் புரியாததால் "அதாவது பாஸ்வேர்ட்" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டார்.

"பாஸ்வேர்ட் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அது ரகசியம். ரகசியம் இருக்கும் இடத்தில்தான் மோசடி இருக்கும்" என்று விளக்கினார். "எனவே இணைய விளையாட்டுக் கணக்குக் கைமாற்றுப் பாதுகாப்புச் சபையில் கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்ட், சாட்சிகள் முன்னால் வெளிப்படையாக வாசிக்கப்படும். பிற்பாடு எனக்கு வேறு பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது."

ஜெனரேட்டர் சத்தம் அதிகமாக இருந்ததால் மைக்கில் வாசித்தார்கள். மைக்கின் ஒலிபெருக்கி தெருப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் தமிழில் எழுத்து எழுத்தாகவும், சந்தை ஆட்களின் வசதிக்காகப் பர்மிய மொழியிலும், கடைசியில் ஊ தேனப்பனின் கணீரென்ற குரலிலும் சொன்னார்கள். சாட்சிகள் கூடவே திருப்பிச் சொன்னார்கள். கீழே பஸ்ஸுக்கு நின்றவர்களும் திருப்பிச் சொன்னார்கள். ரயில் ஒன்று கடந்துபோனதால் மத்தியில் இரண்டு எழுத்து கேட்கவில்லை என்று எதிர்வரிசையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர் கத்தினார். அவருக்காக இன்னொரு தடவை வாசித்தார்கள்.

மக்தலேனா பணத்தைக் கட்டிவிட்டுக் கீழே ஓடி, முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தாள். மாற்றலாம், ஆனால் பதிந்த ஈமெயிலுக்கு வரும் எண்ணைப் போட வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அந்த ஈமெயில் சுப்பையாவின் அந்தரங்கத்தில் இருந்தது.

"இன்னிக்கு ராத்திரி சாமியை வேண்டிக்கக்கா" என்றாள் நூருன்னிசா.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, முக்காட்டைக்கூட எடுக்காமல், மக்தலேனா கடைக்கு வந்தாள். பெயரும் பாஸ்வேர்டும் போட்டாள். 'இந்தக் கணக்கு வேறொரு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது' என்று சொல்லித் திரை அவளை உடனே வெளியே தள்ளியது. மறுபடி போட்டாள். அதே பதில்.

நூருன்னிசா கடைக்குள் எல்லா வரிசையும் எட்டிப் பார்த்தாள். பிறகு மேலே காட்டினாள்.

மாடியில், சபையின் கம்ப்யூட்டர் முன்னால் செயலாளர் ஷம்சுதீன் உட்கார்ந்திருந்தார். அருகில் ஊ தேனப்பன் வெற்றிலை மென்றபடி சாய்ந்திருந்தார். திரையில் கோடாலி வீரன் கோட்டை வாசலில் நின்றான். எதிரில், நீளக் கூந்தலோடு, வில் பிடித்த பெண்.

"வாருங்கள்" என்றார் செயலாளர். "கைமாற்றுக்குப் பிந்திய ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. கணக்கு நல்ல நிலையில் இருக்கிறது. உங்கள் கணவரும் வந்திருந்தார்."

"எழுந்திருங்க! நான் பேசணும்!"

"அவசரமில்லை. அவர் கேட்டதற்குப் பதில் கொடுத்தாகிவிட்டது."

"என்ன கேட்டார்?"

செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டச் சொல்கிறார்களாம். கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று கேட்டார். ஏஜென்ட் ஹாஸ்டலில் காத்திருக்கிறாராம். இணைய விளையாட்டுக் கணக்குக் கைமாற்றுப் பாதுகாப்புச் சபையில் எதையும் நிலுவையில் வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு காகிதம் இருக்கிறது, கையெழுத்துப் போடவா என்று ஒருவர் கேட்டால் வேறு என்ன சொல்வது? போடச் சொன்னேன்."

மக்தலேனா அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். டைப்பிஸ்ட் வேலை செய்கிற கைகளுக்கு அவ்வளவு பலம் இருக்குமென்று செயலாளர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியோடு நகர்ந்து சுவரோரம் போனார். அவள் குனிந்து 'டேனி' என்று அடித்தாள். அதற்குள் திரை அணைந்தது. தெருவில் பாஸ்வேர்டைக் கேட்ட யாரோ வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து அவளை வெளியே தள்ளியிருந்தார்கள். மறுபடி நுழைந்தாள். மொஹிங்காக் கடைக்காரரோ, பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவரோ, மறுபடி தள்ளினார்கள். ஒரு கணம் வில் பிடித்த பெண் தெரிந்தாள். அடுத்த முறை அவள் அங்கே இல்லை.

"என் பேர்ல என் புருஷனுக்கு யார் யாரோ பதில் சொல்றாங்க! இது மோசடி இல்லாம வேற என்ன?"

ஊ தேனப்பன் எச்சிலைத் துப்பிவிட்டு, மைக் இல்லாததால் கொஞ்சம் தடுமாறி, பின்பு பேசினார். "அம்மா, நிதானமாகக் கேளுங்கள். மோசடி என்றால் என்ன? பாஸ்வேர்டைத் திருடி நுழைவது. இங்கே யாராவது திருடினார்களா? இல்லை. நாமேதான் எல்லாருக்கும் கொடுத்தோம். எல்லாரும் முறைப்படி கேட்டு, முறைப்படி நுழைந்திருக்கிறார்கள். மோசடிக்கு இடமே இல்லாமல் செய்திருக்கிறோம். உங்கள் கணவர் பிழைக்கப் போன இடத்தில் இரண்டு வருஷம் கூடுதல் வேலை கிடைத்திருக்கிறது. இதையும் எங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாமா?"

மக்தலேனா படியிறங்கி ஓடினாள். நூருன்னிசா கல்லாவிலிருந்து ஒரு கைப்பிடி பணத்தை அள்ளி அவள் பையில் திணித்தாள். "அப்புறம் பார்த்துக்கலாம், போக்கா!"

போன் ஆபீஸில் வழக்கமான வரிசை. மக்தலேனா யாரிடமும் கேட்காமல் முன்னால் போய் நின்றாள். முக்காடு போட்ட பெண் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, சாவுச் செய்தி என்று நினைத்து ஒதுங்கினார்கள். கிள்ளான் ஹாஸ்டலில் போனை எடுத்தவன் டேனியைக் கூப்பிடப் போனான். காத்திருந்த நேரத்துக்கும் காசுதான்.

"ஹலோ?"

"டேனி, நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"லேனாடா!"

"எந்த லேனா?"

"எந்த லேனாவா?"

"காலையில ஒரு லேனா வந்து தங்கக்காசு இருந்தாக் கொடுன்னா. அப்புறம் ஒரு லேனா பர்மா பாஷையில ஏதோ சொல்லி, கோடாலியால என்னை அடிச்சா. அதுக்கப்புறம் ஒரு லேனா கையெழுத்துப் போடச் சொன்னா. இப்போ நீங்க யாரு?"

மக்தலேனாவின் காது சூடானது. வகுப்பில் தப்பாகத் தொட்ட பொத்தான், பாதி மீசை, முத்து முத்தான எழுத்து, கஞ்சி போட்ட சட்டை, எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தன.

"அறிவு கெட்டவனே! கிளம்பற அன்னிக்கு வீட்டுச் சாவியைப் பெட்டியில வச்சுப் பூட்டி ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனவன்தானே நீ? கதவை உடைச்சுல்ல நான் உள்ளே போனேன்! இன்னும் அந்தக் கதவு சரியா மூடலை. மழைத் தண்ணி உள்ளே வருது. அதைக் கேட்டியா ஒரு நாளாவது?"



"லேனா" என்றான் டேனி.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். ஏஜென்ட் இப்பத்தான் வாங்கிட்டுப் போனார்."

அவள் போன் கூண்டின் கண்ணாடிக் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஏன்டா போட்டே? அது நான் எழுதினதுன்னு எப்படி நினைச்சே?"

"'தங்கள் வினா பரிசீலிக்கப்பட்டது, கையொப்பமிடவும்'னு வந்துது. நீ என்மேல பயங்கரக் கோபத்துல இருக்கேன்னு நினைச்சேன். இத்தனை வாரமா கோடாலியைத் தூக்கிட்டு என் முன்னாலேயே போயிட்டு வந்தே, கூப்பிட்டா ஒரு வார்த்தை பேசலை. இவ என்னை வர வேண்டாம்கிறா, ஆபீஸ் பாஷையில சொல்றான்னு நினைச்சுப் போட்டுட்டேன்."

"கிழிச்சுப் போட முடியாதா?"

"முடியாது. கேட்டுப் பார்த்துட்டேன்."

"போட்டப்புறம் எதுக்குக் கேட்டே?"

"போட்டதும் ஊருக்கு வரணும்போல இருந்துது."

அதற்குமேல் மக்தலேனாவால் அடக்க முடியவில்லை. அவனைத் திட்டினாள். அவன் குடும்பத்தைத் திட்டினாள், கையுறை போடுகிற உலகத்து ஆட்கள் எல்லாரையும் திட்டினாள். சபையைத் திட்டும்போது அதன் முழுப் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. அதில் போன காசை நினைத்து இன்னும் திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது மறுமுனையில் டேனி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நிறுத்தாதே" என்றான். "திட்டு."

கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைத் தட்டினாள். நேரம் முடியப்போகிறது, சண்டையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும்படி பர்மிய மொழியில் சொன்னாள்.

மக்தலேனா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, பையிலிருந்த மீதிப் பணத்தை எடுத்து இடுக்கு வழியாக நீட்டினாள்.

"சண்டை இல்லைம்மா. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.